பீமனுக்குக் குளிராது, எனக்குத்தான் வழுக்கும்

குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் தெருவில் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இவனுக்குக் குளிராதா?" எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "தம்பி, இந்தக் குளிருக்குள்ள உந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்க போறீங்கள்?" என்பார். மதுரையிலிருந்து வீடியோ காலில் என் அம்மா, "அதுக்கு ஒரு ஸ்வெட்டராவது போட்டு விடுடா, பாவம்" என்பாள். பீமனோ அந்த நேரத்தில் பின்கட்டுப் பனியில் மல்லாந்து படுத்து நாலு காலையும் ஆட்டிக்கொண்டிருப்பான்.

பீமன் ஒரு பெர்னீஸ் மவுண்டன் டாக், 48 கிலோ. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதிப் பண்ணைகளில் மாடு மேய்க்கவும், பால் கேன் ஏற்றிய சின்ன வண்டி இழுக்கவும் வளர்த்த இனம். நாங்கள் இருப்பது டொராண்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில். சுவிஸ் மலைக்காகச் செய்த ரோமம் அவனுக்கு, மதுரை வெயிலுக்காகச் செய்த உடம்பு எனக்கு. ஆக, எங்கள் இருவரில் யாருக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்பதில் சந்தேகமே கிடையாது. இப்படிப் பெரிய, அடர்ந்த ரோமமுள்ள நாயைக் குளிரில் நடத்திப் போகும்போது குளிரைப் பற்றிக் கடைசியாகக் கவலைப்பட்டால் போதும். முதல் கவலை தரை. அப்புறம் உப்பு, ஈரம், கயிற்றின் இந்த முனையைப் பிடித்திருக்கும் மனிதர்.

ரோமம் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பெர்னீஸ், நியூஃபவுண்ட்லாண்ட், செயின்ட் பெர்னார்ட், மாலமியூட், கிரேட் பிரனீஸ் போன்றவற்றுக்கு இரண்டடுக்கு ரோமம். மேலே நீளமான, கொஞ்சம் முரட்டு முடி. அது தண்ணீரையும் பனியையும் வெளியே நிறுத்தும். அடியில் பஞ்சு மாதிரி மெல்லிய, நெருக்கமான முடி; அதற்குள் சிக்கி நிற்கும் காற்றுதான் சூட்டை உள்ளே வைத்திருக்கிறது. பனி பெய்யும்போது பீமன் முதுகில் விழும் பனி கரையாமல் அப்படியே வெள்ளையாக நிற்கும். பார்க்கிறவர்கள் ஐயோ என்பார்கள், ஆனால் அது நல்ல அறிகுறி. உடம்புச் சூடு வெளியே கசியவில்லை என்றுதானே அர்த்தம். நாயின் சாதாரண உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அந்தச் சூடு வெளியே வந்துகொண்டிருந்தால் முதுகில் பனி நிற்காது.

எல்லாப் பெரிய நாய்க்கும் இது பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். கிரேட் டேன், டாபர்மேன் எல்லாம் உருவத்தில் பெரியவைதான், ரோமமோ மெலிது. நம் ஊர் ராஜபாளையத்தையோ சிப்பிப்பாறையையோ ஜனவரியில் இங்கே இறக்கினால் கோட்டு இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. பீமன் மாதிரி நாய்க்குக் கோட்டு போட்டால் நடக்கிறது வேறு. நடக்க நடக்க உடம்பு சூடேறும், கோட்டு அதை வெளியே விடாது, ரோமத்தையும் அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிடும். நாய் மூச்சிரைக்க ஆரம்பிக்கும், நாம் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து இன்னொரு துணியைச் சுற்றுவோம்.

ரோமம் தோற்கிற இடம் ஈரம். மைனஸ் 15-ல் காய்ந்த பனி எங்களுக்கு அருமையான நாள். பூஜ்ஜியத்துக்கு ஓரிரு டிகிரி மேலே, மழையும் பனியும் கலந்து கொட்டுகிற நாள்தான் மோசம். அடிமுடி வரை நனைந்துவிட்டால் காற்று நின்ற இடத்தில் தண்ணீர் நிற்கும், அது சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சிக்கு விழுந்த ரோமமும் அப்படித்தான், உள்ளே காற்றுக்கு இடமே இருக்காது. அதனால் குளிர்காலத்தில் சீவுவதை நிறுத்தக் கூடாது. அடிமுடிக்கென்று விற்கும் அகலப் பல் சீப்பால் காதுக்குப் பின்னால், தொடை, வால் அடி என்று சிக்கு சேரும் இடங்களில் அடிக்கடி ஒரு இழுப்பு. குளிப்பாட்டினால் அன்று நடை கிடையாது. வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் ஈரம் அப்படியே இருக்கும்.

சரி, இப்போது பாதம்.

நாயின் பாதத்தின் அடியில் இருக்கும் கறுப்புத் திண்டுகளில் ரோமமே இல்லை, ஆனாலும் உறைந்த தரையில் மணிக்கணக்காக நிற்கிறது. 2011-ல் டோக்கியோவில் யமாசாக்கி ககுயென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். பாதத்துக்குள் போகும் தமனியும் திரும்பி வரும் சிரைகளும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. கீழே இறங்கும் சூடான ரத்தம், மேலே ஏறும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. குளிர்ந்த ரத்தம் நேராக உடம்புக்குள் போய்விடாமல் பாதத்திலேயே சூடாகித் திரும்புகிறது. பென்குயின் காலிலும் இதே ஏற்பாடு. அதற்கும் முன்னால், 1972-ல், ஓநாயையும் ஆர்க்டிக் நரியையும் வைத்துச் செய்த ஆய்வில், கடுங்குளிரிலும் அவற்றின் பாதத் திண்டுகள் மைனஸ் 1 டிகிரி அருகே நின்றதைக் கண்டிருந்தார்கள். பாதத்தின் சதை உறைகிற அளவுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான், அதற்கு மேல் சூட்டை வீணாக்குவதில்லை.

இவ்வளவு நேர்த்தியான பாதத்தை நாம் கொண்டுபோய் உப்பில் வைக்கிறோம். சாலையில் கொட்டும் சாதாரண உப்பு மைனஸ் 10 வாக்கில் பலம் இழந்துவிடும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு மாதிரி வேறு உப்புகளைத் தூவுகிறார்கள். அது ஈரத்தில் கரையும்போது சூட்டை வெளிவிடும் சாமான். ஒரு குருணை நாயின் விரல் இடுக்கில் போய் உட்கார்ந்து, அங்கே உருகிய பனியில் கரைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நல்ல நடையில் போய்க்கொண்டிருந்த நாய் திடீரென்று நின்று ஒரு காலைத் தூக்கும். பாதம் விறைத்துவிட்டது என்று பக்கத்தில் வருகிறவர் சொல்வார். எங்கள் அனுபவத்தில் பத்தில் ஒன்பது தடவை அது உப்பு, இல்லையென்றால் விரல் நடுவில் கட்டிய பனி உருண்டை. கையுறையைக் கழற்றி, அந்தக் காலைத் தூக்கி, விரல் இடுக்கைத் துழாவி எடுத்துவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பிவிடுவான்.  

பனி உருண்டைக்கு மருந்து கத்தரிக்கோல். விரல்களுக்கு நடுவிலும் திண்டுகளுக்கு இடையிலும் வளரும் முடியைத் திண்டின் மட்டத்துக்கு வெட்டிவிட வேண்டும். மேலே பாதத்தைச் சுற்றி இருக்கும் முடியைத் தொட வேண்டாம், அது காப்பு. முன்னங்காலின் பின்புறத்தில் தொங்கும் நீள முடியிலும் பெர்னீஸுக்கு உருண்டை உருண்டையாகக் கட்டும். அதைப் பிய்த்து இழுத்தால் முடியோடு வரும், வலிக்கும். வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால் தானே கரைந்துவிடும்.

காலணி போடலாமா என்று கேட்டால், போடலாம், நாய் ஒப்புக்கொண்டால். அலாஸ்காவில் நாய்கள் பனியில் வண்டி இழுத்து ஓடும் இடிட்டராட் பந்தயத்தில் ஒவ்வொரு நாய்க்கும் எட்டு காலுறை வண்டியில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாய்களுக்கே வேண்டுமென்றால் நம் செல்லங்களுக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் இறுக்கமாகக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைபடும், தளர்வாகக் கட்டினால் மூன்றாவது வீட்டு வாசலில் ஒன்று கிடக்கும். தடித்த ரப்பர் அடியுள்ளதைவிட பலூன் மாதிரி மெல்லிய ரப்பரில் வருவது பெரிய பாதத்துக்கு நன்றாக உட்காருகிறது, தரையும் அதற்குத் தெரிகிறது. அதில் சூடு நிற்காது, உப்பை மட்டும் தடுக்கும். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். முதலில் வீட்டுக்குள்ளே ஐந்து நிமிடம் போட்டுப் பழக்குங்கள். பரதநாட்டியம் ஆடும், சிரிக்காமல் இருப்பது கஷ்டம். காலணி ஒத்துவராதவர்களுக்கு மெழுகு இருக்கிறது: நடைக்குக் கொஞ்சம் முன்னால் திண்டிலும் விரல் இடுக்கிலும் தடவினால் உப்பு ஒட்டுவது குறையும், பனி கட்டுவதும் குறையும்.

எதைப் போட்டாலும் போடாவிட்டாலும், வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவித் துடைப்பது கட்டாயம். வாசலில் ஒரு அகலச் சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், பக்கத்தில் பழைய துண்டு. கழுவாவிட்டால் அவனே நக்கிச் சுத்தம் செய்துகொள்வான், அந்த உப்பு முழுவதும் வயிற்றுக்குள் போகும். கொஞ்சம் போனால் வாந்தி, பேதி, தாகம். நிறையப் போனால் ரத்தத்தில் சோடியம் ஏறி நரம்பு வரை பாதிக்கும். கழுவும்போது வயிற்றையும் தொடையின் உட்புறத்தையும் ஒரு துடை துடைத்துவிடுங்கள், சேறு மாதிரி கரைந்த உப்புப் பனி அங்கேயும் தெறித்திருக்கும்.

உப்புக்கு இன்னொரு முகம் இருக்கிறது, டொராண்டோக்காரர்கள் மறந்தே போய்விட்ட ஒன்று. 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் இந்த நகரத்தில் நடைபாதையில் நடந்த நாய்கள் மின்சாரம் தாக்கி இறந்தன. மண்ணுக்கடியில் தெருவிளக்குக்குப் போகும் ஒயரின் உறை எங்கோ பழுதாகியிருக்கும். உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரும்பு மூடியும் அதைச் சுற்றிய ஈரக் கான்கிரீட்டும் உயிர் பெற்றுவிடும். நாம் ரப்பர் அடியுள்ள பூட்ஸில் நிற்கிறோம், நாயோ வெறுங்காலில் நிற்கிறது. 2009 ஜனவரி கடைசியில் மின் நிறுவனம் அவசர நிலை அறிவித்து நகரம் முழுக்கத் தேடித் தேடிச் சரி செய்தது. அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் நான் பீமனை விளக்குக் கம்பத்தின் அடியையும், நடைபாதையில் பதித்த சின்ன இரும்பு மூடிகளையும் தவிர்த்தே கூட்டிப் போகிறேன். பனி உருகும் நாளில் இன்னும் கவனம். ஒரு நாய் காரணமே இல்லாமல் வீறிட்டுக் கத்தி விழுந்தால், ஓடிப்போய் வெறுங்கையால் தூக்காதீர்கள். காய்ந்த கயிற்றைப் பிடித்து அந்த இடத்திலிருந்து இழுத்துவிட்டு, அப்புறம் உதவி கூப்பிடுங்கள்.

இனி இழுக்கிறவனும் இழுபடுகிறவனும். பனிக்காலத்தில் பெரிய நாய் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், நாய்க்கு அடிபட்ட கதையைவிட மனிதர் விழுந்து மணிக்கட்டு உடைந்த கதைதான் அதிகம் கிடைக்கும். நாய்க்கு நாலு கால், தாழ்ந்த உடம்பு, நகம் வேறு. நமக்கு இரண்டு கால், ஒரு பக்கம் 48 கிலோ, எதிரே ஒரு கறுப்பு அணில். வண்டி இழுக்கவே வளர்த்த இனத்திடம் இழுக்காதே என்று சொல்வதும் கொஞ்சம் அநியாயம்தான், ஆனாலும் கோடையிலேயே சொல்லிப் பழக்கியிருக்க வேண்டும். பிளாக் ஐஸ், அதாவது கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஐஸ், அதன் மேல் நின்றுகொண்டு பாடம் நடத்த முடியாது. பீமனுக்கு "மெதுவா" என்றால் கயிறு தொய்கிற அளவுக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று தெரியும். "இரு" என்றால் நிற்பான். குளிர்காலத்துக்கு இந்த இரண்டே போதும்.

கயிற்றை மணிக்கட்டிலோ விரலிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். தடித்த கையுறைக்குள் பிடி சரியாகக் கிடைக்கவில்லை என்றுதான் எல்லோரும் சுற்றுகிறார்கள். நாய் பாய்ந்தால் விரல் எலும்பு போகும், இல்லாவிட்டால் ஆளே போவோம். உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த கையுறை வாங்குங்கள். நீண்டு சுருங்கும் கயிறு வேண்டவே வேண்டாம். பாய்கிற நாய்க்கு அது ஓட்டம் எடுக்க இடம் கொடுத்து, முழு வேகத்தில் நம் கையை வந்து உலுக்கும். எப்படியும் இந்த நகரத்தின் விதிப்படி கயிறு 2 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நைலான் கயிறு நனைந்து உறைந்தால் கம்பி மாதிரி விறைத்துவிடும். பிளாஸ்டிக் பூசிய பயோத்தேன் கயிறு தண்ணீரைக் குடிப்பதில்லை, பித்தளைக் கொக்கி உறைந்து சிக்கிக்கொள்வதும் குறைவு.

ஓட்டக்காரர்கள் இடுப்பில் கட்டும் கயிறு இப்போது பிரபலம். கோடையில் காட்டுப் பாதையில் சரி. ஐஸ் மேல் அதை மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கையில் இருக்கும் கயிற்றை விட்டுவிடலாம், இடுப்பை எப்படி விடுவது?

விடுவதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் கயிற்றை விடலாமா? பெரிய சாலை பக்கத்தில் இருந்தால் விட முடியாது, ராவைன் என்கிற பள்ளத்தாக்குக் காட்டுப் பாதையில் என்றால் தாராளமாக விடலாம், நம்மை எழுப்ப அவனே திரும்பி வந்து முகத்தை நக்குவான். அதனால் வழுக்கும் நாட்களில் நான் சாலையோர நடைபாதையை விட்டுவிட்டு மார்னிங்சைட் பார்க் பக்கம் போய்விடுவேன். அங்கேயும் சுரண்டிச் சுத்தம் செய்த பாதையில் நடக்காமல், பக்கத்தில் புல் மேல் கிடக்கும் பனியில்தான் நடை. கால் புதையும், மூச்சு வாங்கும், ஆனால் பிடி கிடைக்கும், உப்பும் இல்லை. சரிவில் இறங்கும்போது அவனை முதலில் உட்கார வைத்து, நான் பக்கவாட்டில் நாலடி இறங்கி நின்று, அப்புறம் கூப்பிடுவேன். இருவரும் சேர்ந்து இறங்குவது என்பது இருவரும் சேர்ந்து விழுவதற்கான ஏற்பாடு.

பூட்ஸ் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். டொராண்டோ மறுவாழ்வு மருத்துவ ஆய்வு நிலையத்தில், ஐஸ் தரையைச் சாய்த்துச் சாய்த்து மனிதர்களை அதன் மேல் நடக்க வைத்து பூட்ஸைச் சோதிக்கிறார்கள். 7 டிகிரி சரிவில் வழுக்காமல் நின்றால் ஒரு பனிச்செதில், இன்னும் செங்குத்தில் நின்றால் இரண்டு, மூன்று என்று மதிப்பெண். 2016-ல் முதல் பட்டியல் வந்தபோது பெரும்பாலான பூட்ஸ் அந்த ஒன்றைக்கூட வாங்கவில்லை. விலைக்கும் பிடிக்கும் சம்பந்தமே இல்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்கு மேல் இரும்புப் பல் வைத்த மாட்டியை பூட்ஸில் மாட்டிக்கொண்டால் ஐஸில் நன்றாக நிற்கும், ஆனால் கடைக்குள்ளே டைல்ஸ் தரையில் அதே பல் சறுக்கு வண்டி ஆகிவிடும், கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.

ஹார்னெஸ், அதாவது நாயின் மார்பைச் சுற்றி மாட்டும் வார், அந்த விஷயத்தில் அடர்ந்த ரோமம் நம்மை ஏமாற்றும். வீட்டில் காய்ந்து உப்பியிருக்கும்போது அளந்து மாட்டினால் சரியாக இருக்கும். அரைமணி நேரம் ஈரப் பனியில் நடந்ததும் ரோமம் அமுங்கி, அதே ஹார்னெஸ் தளர்ந்து தொங்கும், பயந்து பின்வாங்கினால் தலை வெளியே வந்துவிடும். கழுத்துப்பட்டையும் அப்படித்தான். ரோமத்தை ஒதுக்கி, தோலுக்கு மேல் இரண்டு விரல் நுழைகிற அளவு பார்த்து இறுக்குங்கள், பாதி வழியில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

டிசம்பர் கடைசியில் இங்கே மாலை 4.45-க்கே சூரியன் போய்விடுகிறது. பனியைத் தள்ளும் வண்டிகள் முக்கு முக்காக இடுப்பளவு மேடு கட்டி வைத்துவிடும். அதற்குப் பின்னால் நிற்கும் கறுப்பு நாயை எந்த ஓட்டுநருக்கும் தெரியாது. எல்இடி காலர் வாங்கி மாட்டினேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், பெர்னீஸ் கழுத்து முடிக்குள் அது புதைந்து மின்மினி மாதிரி எப்போதாவது தெரியும். விளக்கை ஹார்னெஸின் முதுகுப் பக்கம் மாட்டுங்கள், கயிற்றிலும் ஒளி பட்டால் மின்னும் நாடா இருக்கட்டும், சாலையைக் கடக்கும்போது முதலில் நீங்கள் மேட்டைத் தாண்டிப் பாருங்கள், நாய் பின்னால்.

நாய் வழுக்குவதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். பெரிய, கனமான நாய்களுக்கு முழங்கால் உள்ளே இருக்கும் சிலுவைத் தசைநார் கிழிவது அடிக்கடி நடக்கிற காயம். ஒரு திடீர்த் திருப்பம், பின்னங்கால் சறுக்கல், போதும். அறுவை சிகிச்சைக்குப் பல ஆயிரம் டாலர், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கட்டுப்பாடு. ஐஸ் மேல் பந்து எறிந்து விளையாடுவதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். உறைமழை பெய்கிற நாளில் நடையே இல்லை. 2013 டிசம்பரில் இங்கே வந்த ஐஸ் புயலில் கிளைகள் முறிந்து, மின்கம்பிகள் அறுந்து, சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. அந்த மாதிரி நாளில் பின்கட்டில் வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்குள் தின்பண்டத்தை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். மூக்குக்கு வேலை கொடுத்தால் காலுக்குக் கொடுத்த அளவுக்கே களைத்துத் தூங்கும்.

உறைந்த குளம், ஓடை, ஏரி: கயிறு கழற்றவே கூடாது. ப்ளஃபர்ஸ் பார்க்கில் ஒன்டாரியோ ஏரிக் கரையோரம் ஐஸ் கட்டிப் பார்க்கத் தரை மாதிரியே இருக்கும். ஒரு மனிதர் நடக்கவே 15 செ.மீ. கனம் வேண்டும் என்கிறது கனடா செஞ்சிலுவைச் சங்கம். ஓடும் தண்ணீருக்கு மேல் உள்ள ஐஸ் எங்கே தடிமன், எங்கே மெலிது என்று கண்ணால் சொல்லவே முடியாது, மேலே பனி போர்த்தியிருந்தால் இன்னும் மோசம். வாத்து ஒன்றைப் பார்த்து நாய் ஓடும், விழும், பின்னாலேயே மனிதர் ஓடுவார். இப்படி இறந்துபோவது பெரும்பாலும் அந்த மனிதர்தான். பல சமயம் நாய் தானாகவே ஏறி வந்துவிடும். கரையிலேயே நின்று, அது விழுந்த வழியிலேயே திரும்பி வரச் சொல்லிக் கூப்பிடுங்கள், 911-ஐ அழையுங்கள். கல் நெஞ்சுக்காரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

எத்தனை டிகிரி வரை போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு: வானிலைச் செய்தியில் சொல்லும் காற்றுக்குளிர் எண் மனித முகத்தை வைத்துக் கணக்கிட்டது. மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்பது நமக்கான எச்சரிக்கை. பீமனுக்கு ரோமம் இல்லாத, மெலிந்த இடங்கள் காது நுனி, மூக்கு, வால் நுனி, ஆண் நாய்க்கு விரைப்பை. மைனஸ் 20-க்குக் கீழே காற்றும் அடித்தால் தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுவோம். அதுவும் அவனுக்காக அல்ல, என் மூக்குக்காக. குப்பைப் பையைத் திறக்கக் கையுறையைக் கழற்றும் அந்த அரை நிமிடம்தான் முழு நடையிலும் கொடுமை. நாய் நடுங்கினால், நடை தளர்ந்து தடுமாறினால், திரும்பத் திரும்ப வீட்டுப் பக்கம் பார்த்தால், முரண்டு பிடித்து நின்றுவிட்டால் உடனே திரும்புங்கள். காது நுனி வெளிறி விறைத்திருந்தால் தேய்க்கக் கூடாது, ஹேர் டிரையர் காட்டக் கூடாது. வெதுவெதுப்பான ஈரத்துணியை வைத்து ஒற்றி, மருத்துவரிடம் போங்கள்.

வயதான நாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் பாதியாகக் குறையும். பெர்னீஸ் எட்டு வயது தாண்டினாலே பெரிய விஷயம், ஆறேழு வயதிலேயே இடுப்பும் முழங்கையும் தேய ஆரம்பித்திருக்கும். குளிரில் மூட்டு இறுகும். ஒரு நீண்ட நடைக்குப் பதில் மூன்று குட்டி நடை, கிளம்பும் முன் வீட்டுக்குள்ளேயே ரெண்டு சுற்று. தைராய்டு குறைவு, சர்க்கரை மாதிரி நோய் உள்ள நாய்க்கும், குட்டிக்கும் ரோமத்தை நம்பி விட்டுவிட வேண்டாம்.

குளிர்காலத்தில் அதிகம் தின்ன வேண்டும் என்று வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாம் சப்பாத்தி நீட்டுகிறார்கள். ஆயிரம் மைல் ஓடும் இடிட்டராட் நாய் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கலோரி சாப்பிடுகிறது, உண்மைதான். சோஃபாவில் தூங்கிவிட்டு ஒரு மணி நேரம் நடக்கிற பீமனுக்குப் பழைய அளவே போதும். தண்ணீர்தான் கூட வேண்டும். ஹீட்டர் ஓடும் வீட்டின் காற்று வறண்டது, பனியைத் தின்பதால் தாகம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கவும் கூடாது. அதிலும் பார்க்கிங் ஓரத்துப் பனியைத் தின்னவே விடாதீர்கள்.

காரணம் ஆன்டிஃப்ரீஸ், கார் எஞ்சினில் தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றும் திரவம். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கும், கொஞ்சமே போதும் சிறுநீரகத்தில் படிகம் கட்டிச் செயலிழக்க. முதலில் குடித்தவன் மாதிரி தள்ளாடும், அப்புறம் தெளிந்த மாதிரி இருக்கும், சரியாகிவிட்டது என்று நாம் நிம்மதியாவோம். உள்ளே சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கும். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். தெளியட்டும், காலையில் பார்ப்போம் என்று காத்திருக்காமல் ராத்திரி என்றாலும் அப்போதே வண்டியை எடுங்கள். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எண்ணை எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறோம், அக்டோபரிலேயே அது இன்னும் அதே எண்தானா என்று ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வேன்.